ஏழு கஜத்தில் ஒரு காகிதத் தட்டு

லிங்கன், நெப்ராஸ்கா
ஜூன் 12, 1994

அன்புள்ள வெர்னா,

இருமல் தணிந்துவிட்டது. படியேறும்போது முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. உன் உடம்பு எப்படி, உன் நாய் பிஸ்கட்டின் பின்னங்கால் எப்படி என்று எழுது. எந்தக் கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று ஞாயிறன்று நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் 'ம்' என்று மட்டும் சொன்னேன். அந்தக் கருவியைக் காதில் வைத்தால் எனக்கு யோசனை ஓடாது. ஆகவே எழுதுகிறேன். வழி தவறாமல் இருக்க முதலில் வரிசை:

1. நடந்தது, நான் புரிந்துகொண்டபடி.
2. நீ அந்த வீட்டிலேயே இருக்கப்போவது. (இதில் ஆராய ஒன்றுமில்லை. எண்ணை மட்டும் போட்டுவிட்டுக் கடக்கிறேன்.)
3. துப்பாக்கி எதற்கு எதிராக.
4. எந்த அளவுக் குண்டு.
5. உன் கை.
6. என் தகுதியின்மை.

முதலாவது. மே மாதம் ஒரு மலைச்சிங்கம் (பூமா) உன் ஆட்டை முற்றத்திலிருந்தே இழுத்துப்போனது. அதைக் கேட்ட உன் மகள் ஜனெல், அப்பா போனபிறகு அம்மா தனியாக மலையடியில் இருந்தது போதும், வீட்டை விற்றுவிட்டு பில்லிங்ஸ் நகரில் தன்னோடு வந்து இருக்கட்டும் என்றாள். நீ மறுத்தாய். கடைசியில் ஒரு பந்தயத்தில் வந்து நின்றது. நவம்பரில், நன்றி சொல்லும் நாள் விருந்துக்குப் பிறகு, உங்கள் வழக்கப்படி எல்லோரும் கொல்லையில் குறிபார்த்துச் சுடுவீர்கள் அல்லவா, அப்போது நீ கைத்துப்பாக்கியால் சுட வேண்டும். வைக்கோல் கட்டில் குத்திய காகிதத் தட்டு, ஏழு கஜ தூரம், ஐந்துக்கு ஐந்து. பட்டால் ஜனெல் வீட்டைப் பற்றி வாய் திறக்கமாட்டாள். ஒன்று தவறினாலும் வசந்தத்தில் விற்பனைப் பலகை. நீளத் துப்பாக்கியில் நீ தேர்ந்தவள் என்பது அவளுக்கும் தெரியும். தபால் பெட்டிக்குப் போகும்போது அதையா தூக்கிக்கொண்டு போவாய் என்பது அவள் கேள்வி. நியாயம்தான்.

மூன்றாவது. சிங்கத்துக்குச் சத்தமே போதும் என்று படித்தேன். எனவே தட்டுதான் உண்மையான எதிரி.

நான்காவது. பரவலாக விற்பவை இருபத்திரண்டு, முந்நூற்றெண்பது, ஒன்பது மில்லிமீட்டர், முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்தைந்து. (ஒன்பதைத் தவிர மற்றவை குண்டின் விட்டம், அங்குலத்தில் நூறில் அல்லது ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று.) இப்போதைக்கு ஒன்றுதான் கணக்கிட்டேன். ஒன்பதின் குண்டு இலேசு, வேகம் அதிகம். நாற்பத்தைந்தின் குண்டு இரு மடங்கு கனம், வேகம் குறைவு. தாக்கும் ஆற்றல் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் எடையை வேகத்தால் பெருக்கினால் வருவதுதான் கையில் வாங்கும் உதை. அது நாற்பத்தைந்தில் ஒன்றரைப் பங்கு. இலக்கில் படுவது சமமாக இருக்க, சுடுபவர் மட்டும் ஏன் கூடுதலாக அடி வாங்க வேண்டும்? எங்காவது பிழை செய்திருக்கிறேனா என்று இரண்டு முறை பார்த்தேன்.

ஐந்தாவது. மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை எவ்வளவு? ஜாம் பாட்டில் மூடியைத் துணி இல்லாமல் திறக்கிறாயா? காலையில் விரல் மடங்குகிறதா?

ஆறாவது. நான் நாற்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். ஜூலை நாலாம் தேதி வாண வேடிக்கைக்கு ஜன்னலைச் சாத்திக்கொள்பவன். என்னை ஏன் கேட்கிறாய் என்பது எனக்கு விளங்கவில்லை.

அன்புடன்
உன் அண்ணன் எம்மெட்


ஆல்டர் கிரீக், மொன்டானா
ஜூன் 29

அண்ணா,

நான் நல்லாருக்கேன். பிஸ்கட் நொண்டுறான், ஆனா சோறு வச்சா ஓடி வர்றான். உன்னை ஏன் கேக்கறேன்னா, நீ ஒருத்தன்தான் கேட்ட கேள்விக்கு ஆறு எண் போட்டு பதில் எழுதுற ஆளு. படிக்க ஒரு சாயங்காலம் ஓடிடுச்சு.

டவுனுக்குப் போய், துப்பாக்கி விக்கிற டாய்ல் கடையில நின்னேன். உன் கணக்கைச் சொன்னேன். அவன் மீசையைத் தடவிக்கிட்டு, "அக்கா, நாலுல ஆரம்பிக்காத குண்டெல்லாம் அணிலுக்குத்தான்"னான். எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொல்வாரு. "அப்ப ஒன்பது?"ன்னேன். "அது ஐரோப்பாக்காரனுக்கு"ன்னான். "எங்க அண்ணன் இயற்பியல் வாத்தியாரு"ன்னேன். "அவரு கரடியைப் பாத்திருக்காரா?"ன்னான். நீ நெப்ராஸ்காவுல பாத்த பெரிய மிருகம் பள்ளிக்கூட ஆய்வாளர்தான்னு சொன்னேன். கடையே சிரிச்சுது.

சிங்கம் மறுபடி வரல. வந்தா சொல்றேன்.

உன் மாடி வீட்டம்மா இன்னும் பியானோ வாசிக்கிறாளா? நிறுத்தச் சொல்லி நீ இன்னும் கரண்டியால குழாயைத் தட்டுறியா? எங்கிட்ட வானொலி ஒண்ணு பகல் பூரா பேசிக்கிட்டிருக்கு. பண்ணைச் சந்தை விலை சொல்றான். என்கிட்ட விக்க ஒண்ணுமில்ல, ஆனாலும் கேக்கறேன்.

வெர்னா


லிங்கன்
ஜூலை 11

அன்புள்ள வெர்னா,

முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன். வீடு முழுக்கப் புதினா வாசனை. நீ நலமாக இருக்கிறாய் என்று படித்ததில் நிம்மதி.

நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்தேன். ஒரு விசித்திரம் சொல்கிறேன். முப்பத்தெட்டின் குண்டு முப்பத்தெட்டே இல்லை. அளந்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் முந்நூற்றைம்பத்தேழு பங்குதான். பழைய காலத்தில் குண்டைச் சுற்றியிருந்த பித்தளைக் கூட்டின் அகலத்தை வைத்துப் பெயரிட்டார்கள். குண்டு மெலிந்த பின்னும் பெயர் மாறவில்லை. முந்நூற்றெண்பதும் ஒன்பதும் ஒரே விட்டம். முன்னதில் வெடிமருந்து குறைவு, அவ்வளவுதான். ஆக மூன்றும் கிட்டத்தட்ட ஒரே தடிமன். ஆட்கள் கடையில் நின்று மணிக்கணக்காகச் சண்டையிடுவது ஒரு தலைமுடியின் வித்தியாசத்துக்கு. குண்டின் எடையை இன்னும் தானிய மணிக் கணக்கில்தான் சொல்கிறார்கள் என்பதும் தெரிந்தது. இத்தனை வயதில் இப்படி ஒரு உலகம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

நாற்பது என்பது சில ஆண்டுகளுக்கு முன் வந்த புதிய அளவு. ஒன்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவே சமரசமாக வந்ததாம். சமரசங்கள் பெரும்பாலும் இரு பக்கத்துக் குறையையும் சுமக்கும் என்று எனக்குச் சந்தேகம். ஆனால் நான் சுட்டுப் பார்க்காதவன்.

மாடி வீட்டம்மா வாசிக்கிறாள். நான் இப்போது தட்டுவதில்லை, பழகிவிட்டது.

ஐந்தாம் எண்ணுக்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய்.

எம்மெட்


ஆல்டர் கிரீக்
ஆகஸ்ட் 24

அண்ணா,

பதில் தாமதம். மேற்கு மலையில காட்டுத்தீ. பாதையை அடைச்சுட்டாங்க, தபால்காரரும் வரல. ஒரு வாரத்துக்கு மேல பிஸ்கட்கிட்ட மட்டும் பேசிக்கிட்டிருந்தேன். புகையில தொண்டை கட்டினதா, பேசாம கட்டினதான்னு தெரியல. இப்ப சரியாயிடுச்சு. உன் முழங்கால் பரவாயில்லையா?

டாய்ல் ஒரு துப்பாக்கி குடுத்தான். ஐந்து குண்டு ரிவால்வர், அலுமினிய உடம்பு, உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். முப்பத்தெட்டுதான். "பொம்பளைங்களுக்குன்னே செஞ்சது அக்கா, இறகு மாதிரி இருக்கும்"னான். வீட்டுக்குக் கொண்டுவந்து சுட்டேன். இறகு இல்ல, கழுதை. தட்டுல ரெண்டு பட்டுது, மூணு வைக்கோலுக்குப் போச்சு. பரவாயில்ல. நவம்பருக்கு நாள் இருக்கு. இல்லாட்டியும் என்ன.

ஜனெல் போன் பண்ணினா. எனக்குன்னு அறை ஒதுக்கி வச்சிருக்காளாம். அந்த ஜன்னல் பக்கத்து வீட்டு அடுக்களையைப் பாத்தாப்பல இருக்கு. யோசிச்சுப் பாரு, நாள் பூரா யாரோ பாத்திரம் கழுவுறதையும், யாரோ பிள்ளையைத் திட்டுறதையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். போன தடவை போனப்ப ரெண்டு மணி நேரம் பாத்தேன். அந்தப் பொண்ணு கரண்டியை எல்லாம் கடைசியாத்தான் கழுவுறா.

வெர்னா


லிங்கன்
செப்டம்பர் 4

அன்புள்ள வெர்னா,

தீ உன் பக்கம் திரும்பவில்லை என்று செய்தித்தாளில் பார்த்த பிறகுதான் சாப்பிட்டேன். தொண்டைக்குத் தேன் சாப்பிடு.

அந்தத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடு. டாய்ல் செய்த பிழையை எல்லா ஊர்க் கடையிலும் செய்கிறார்களாம், எங்கள் நூலகர் சொன்னார். அவர் அண்ணியும் இப்படித்தான் ஏமாந்தார். பெண் என்றால் சின்னது, இலேசானது என்று எடுத்து நீட்டுகிறார்கள். குண்டு அதே குண்டு. துப்பாக்கி எவ்வளவு இலேசோ அவ்வளவு உதை கைக்கு. கனமான இரும்புதான் மென்மையாகச் சுடும். வண்டியில் நீ பெரிய மூட்டை, நான் சின்ன மூட்டை. குதிரை வெட்டி இழுத்தால் தெறித்து விழுவது யார்?

ஐந்தாம் எண்ணை மூன்றாம் முறையாகக் கேட்கமாட்டேன். நான் வேறொரு ஏற்பாடு யோசித்திருக்கிறேன். பயமாக இருக்கிறது, ஆனால் செய்வேன் என்று நினைக்கிறேன்.

எம்மெட்


லிங்கன்
செப்டம்பர் 26

அன்புள்ள வெர்னா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடல்நலம்தானே? நானே மறுபடி எழுதுகிறேன், ஏனென்றால் ஒன்று நடந்துவிட்டது. நான் சுட்டேன்.

நகருக்கு வெளியே ஒரு பயிற்சிக்கூடம். நடத்துபவர் ஓர்லா என்ற அம்மையார், என் வயதில் பாதி. வாடகைக்குத் துப்பாக்கி கொடுப்பார்கள். நான் தோட்டக் கையுறையை இரண்டு ஜோடி, ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு நின்றேன்.

"குளிருதா ஐயா?" என்றார்.

"இல்லை அம்மா. என் தங்கைக்குக் கை சரியில்லை என்று நினைக்கிறேன். அவள் சொல்லமாட்டாள். சரியில்லாத கையால் எதைச் சுட முடியும் என்று தெரிய வேண்டும்."

"அப்ப அவங்க கையைக் கொண்டு வந்திருக்கணும்" என்றார். ஆனாலும் சிரித்துவிட்டு, ஒரு சமயத்தில் ஒரே குண்டுதான் போடுவேன், குழல் சுவரைத்தான் பார்த்திருக்கணும், நான் சொல்லும்வரை விரல் விசைக்குள் போகக்கூடாது என்று மூன்று விதி சொன்னார். காதடைப்பானை மாட்டினார். வெடித்தது. நான் துள்ளிவிட்டேன்.

"ஐயா, அது பக்கத்து ஆளு. நீங்க இன்னும் சுடவே இல்ல."

முடிவுகள். ஒன்பதைச் சுட ஆரம்பிக்க, மேலே உள்ள இரும்பு உறையைப் பின்னால் இழுக்க வேண்டும். கையுறையோடு என்னால் இழுக்கவே முடியவில்லை. நாற்பத்தைந்தும் அப்படியே. முந்நூற்றெண்பது சின்னது, அதனால் பிடி கிடைக்கவில்லை. இருபத்திரண்டு பொம்மைபோல் சுடுகிறது. மகிழ்ச்சியாக இருந்தது, ஆனால் டாய்ல் சிரிப்பார். கடைசியாக இரும்பு உடம்பு, நான்கு அங்குலக் குழல், முப்பத்தெட்டு ரிவால்வர். குறிப்பயிற்சிக்கென்று தட்டை முகக் குண்டு ஒன்று உண்டு, மருந்து குறைவு. பின்னால் உள்ள சுத்தியைக் கட்டைவிரலால் மடக்கிக்கொண்டால் விசை பென்சிலைத் தொடுவதுபோல் இளகிவிடுகிறது. இரண்டு ஜோடிக் கையுறையோடு, ஏழு கஜத்தில், ஐந்தில் மூன்று. சுட்டது நான்தான், வெர்னா.

"இந்த வயசுக்கு இது மோசமில்ல" என்றார் ஓர்லா. "தங்கச்சிக்கு இதையே சொல்லுங்க."

சொல்கிறேன். அதை வாங்கு.

எம்மெட்


ஆல்டர் கிரீக்
அக்டோபர் 17

அண்ணா,

கையுறையா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. கடிதத்தை டாய்லுக்குப் படிச்சுக் காட்டினேன். அவன் தொப்பியைக் கழட்டிட்டு, "அக்கா, உங்க அண்ணனை நான் தப்பா நினைச்சுட்டேன்"னான். கழுதையைத் திருப்பி வாங்கிக்கிட்டு, ஒரு பழைய இரும்பு முப்பத்தெட்டு எடுத்துக் குடுத்தான். யாரோ ஷெரீப் ஆளு வச்சிருந்ததாம். நாலுல ஆரம்பிக்கலயேன்னேன். "குழல் நாலு அங்குலம்தானே, சரியாப்போச்சு"ன்னான்.

நல்லாத்தான் சுடுது. இனிமே கணக்கு அனுப்பாதே, போதும்.

மேட்டுல முதல் பனி விழுந்துடுச்சு. இந்த வருஷம் சீக்கிரம். போன வருஷம் பிப்ரவரியில பாதை மூடி, யாரும் வர முடியாம கிடந்துது ஞாபகமிருக்கா. அப்ப அவரு இருந்தாரு.

ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதே. குளிர்காலத்துல சாயங்காலம் அஞ்சு மணிக்கு இருட்டினதும் நீ என்ன பண்ணுவே?

உடம்பைப் பாத்துக்க.
வெர்னா


லிங்கன்
அக்டோபர் 31

அன்புள்ள வெர்னா,

உன் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல நேற்று ஐந்து மணிக்குக் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். ஐந்துக்கு விளக்குப் போட்டேன். மாடி வீட்டம்மா வாசிக்கத் தொடங்கினாள். எப்போதும் தவறும் இடத்தில் தவறினாள். ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் வந்து செய்தித்தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேர்தலைப் பற்றிக் கோபப்பட்டுவிட்டுப் போனார். சூப் சுடவைத்தேன். பேருந்து நின்றது, யாரோ இறங்கிச் சிரித்துக்கொண்டே போனார்கள். ஏழு மணி ஆகிவிட்டது. நான் எதுவும் செய்யவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி தட்டு. எத்தனை படுகிறது என்று நீ எழுதவில்லை. ஆகவே நல்லபடியாக இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கை வலித்தால் அதில் வெட்கமில்லை. நம் அம்மாவுக்கும் இந்த வயதில் விரல் கோணியது. ஓர்லாவிடம் கேட்டேன். சுத்தியை இரண்டு கட்டைவிரலாலும் மடக்கலாம், ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே கையைக் கீழே இறக்கி ஓய்வு கொடுக்கலாம், பந்தயத்தில் நேரக் கணக்கு இல்லை என்கிறார். வெந்நீரில் கையை வைத்துவிட்டுப் போ. நீ அந்த வீட்டை இழக்கக்கூடாது என்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு எண்ணமில்லை. இரண்டு மாதமாக நூலகத்தில்கூட என்னை 'துப்பாக்கி வாத்தியார்' என்கிறார்கள்.

வெற்றி பெறுவாய்.
எம்மெட்


ஆல்டர் கிரீக்
நவம்பர் 26

அண்ணா,

எல்லாரும் இன்னைக்குக் காலையில கிளம்பிப் போயிட்டாங்க. நான் நல்லாருக்கேன். பாதி வான்கோழி மிஞ்சிப்போச்சு, பிஸ்கட்டுக்குக் கொண்டாட்டம்.

அஞ்சும் பட்டுது.

சாப்பிட்டு முடிச்சு கொல்லைக்குப் போனோம். மாப்பிள்ளை கர்ட் தட்டைக் குத்தினான். ஜனெல் கஜக்கோலை வச்சே தூரம் அளந்தா, உன் மருமகதானே. நான் கோட்டைக் கழட்டிட்டு நின்னேன். முதல் மூணும் நடுவுல. கர்ட், "அத்தை, கொஞ்சம் விட்டுக்குடுங்க, எங்களுக்கு மானம் போகுது"ன்னான். நாலாவதுக்குத் தட்டோட ஓரத்தைத் தாண்டி, வைக்கோலைப் பாத்துத்தான் வச்சேன். விசையை அழுத்துறப்ப கை தானா நடுவுக்கு வந்துடுச்சு. அஞ்சாவதுக்கு மறுபடியும் வச்சுப் பாத்தேன். அதுவும் அப்படியே. சின்ன வயசுலேர்ந்து பழகின கை, சொன்னாக் கேக்கல.

ஜனெல் என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதா. "சரிம்மா, இனிமே வீட்டைப் பத்தி பேசவே மாட்டேன், சத்தியம்"னா. அந்த அறையைத் தையல் அறையா மாத்திக்கப் போறாளாம். நல்லதுதான்.

என் கைக்கு ஒண்ணுமில்ல அண்ணா. ஜாம் பாட்டிலைத் துணியில்லாமத்தான் திறக்கறேன். உன்னை ஏன் கையுறை போட வச்சேன்னு நினைச்சா சங்கடமா இருக்கு. நீ கேட்டப்பல்லாம் பதில் எழுத உக்காந்தேன். கை நல்லாருக்குன்னு எழுதிட்டா, அப்புறம் எதைச் சொல்லி நான் குறியைத் தவறவிடறது.

பனி நிக்காம பெய்யுது. அவர் வீட்டை, அவர் கட்டின வேலியை, வேண்டாம்னு வாயால எப்படிச் சொல்றது. இந்தப் பக்கத்துல யாரும் அப்படிச் சொன்னதில்ல.

வெர்னா


லிங்கன்
டிசம்பர் 5

அன்புள்ள வெர்னா,

முழங்கால் பரவாயில்லை. உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். ஐந்தும் பட்டது என்ற வரியில் எழுந்து நின்று கைதட்டினேன், தனியாக. அடுத்த பத்தியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஜனெலுக்கு எதுவும் எழுதவில்லை. எழுதமாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது, சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஒன்று மட்டும், இது கணக்கு அல்ல. நீ ஒன்றைத் தவறவிட்டிருந்தால் அவர்கள் உன்னை அழைத்துப் போயிருப்பார்கள். இப்போது நீ ஜெயித்திருக்கிறாய். அந்த வீட்டில் உன்னால் இருக்க முடியும் என்று கர்ட் உட்பட எல்லோருக்கும் தெரியும். அங்கே இருக்க முடியாமல்தான் கிளம்புகிறாள் என்று இனி எவனும் சொல்ல முடியாது, டாய்லும் சொல்லமாட்டார். உன் கணவர் டுவைட், எனக்குத் தெரிந்தவரை, வேலியை ஆட்டுக்காகக் கட்டினார், உனக்காக அல்ல.

என் வீட்டுக்குக் கீழே குடியிருப்பவர் பிப்ரவரியில் மகனிடம் போகிறார். இரண்டு அறை. ஜன்னல் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தாற்போல் இருக்கிறது. நாய் வைத்துக்கொள்ளலாம், கேட்டுவிட்டேன். சுவர் மெலிது, என் இருமல் உனக்குக் கேட்கும், பியானோ இருவருக்கும் கேட்கும். ஜனெலின் தையல் அறைதான் வேண்டுமென்றாலும் அவளிடம் ஒரு வார்த்தை போதும்; துணியை ஒரு மணி நேரத்தில் வெளியே எடுத்துவிடலாம். ஆல்டர் கிரீக்கிலேயே இருப்பதானாலும் சரி, ஞாயிறுதோறும் நான் தொலைபேசியில் 'ம்' என்பதற்கு மேலாகப் பேச முயல்கிறேன். மூன்றில் எது என்று எழுது. பாதை மூடுவதற்குள் எழுது.

ஆறு மாதமாக உனக்குக் குண்டின் விட்டம், எடை, உதை எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று நினைக்கிறேன், சரிபார்த்தேன். கையைப் பற்றி நான் ஊகித்தது தவறு, அது பெரிதல்ல. ஆனால் முதல் கடிதத்தில் இரண்டாம் எண்ணைப் போட்டுவிட்டு, இதில் ஆராய ஒன்றுமில்லை என்று கடந்துபோனேன். அதுதான் தவறு. உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

உன் அண்ணன்
எம்மெட்